ஓய்வெடுக்கும் நுரையீரல்

திருப்பூர் வட்டாரத்தில், மங்கலத்திலிருந்து சோமனூர் போகும் வழியில், நொய்யல் கரையில் இருக்கிறது சாமளாபுரம். ஒரு பெரிய குளம், அதற்கு வந்துபோகும் பறவைகள், சுற்றிலும் விசைத்தறிக் கூடங்கள். இந்த வட்டாரத்தில் பருத்தி காற்றிலேயே கலந்திருக்கிறது. தறிக்கூடத்து விட்டத்திலும் ஜன்னல் கம்பியிலும் தறி ஓட்டுபவரின் தலைமுடியிலும் பஞ்சு படிகிறது. கழிவுப் பஞ்சு தீப்பிடித்தால் எப்படி எரியும் என்பதும் இங்கே பலருக்குத் தெரியும். தண்ணீரை ஊற்றி அணைத்தாயிற்று என்று நினைத்த பிறகும் மூட்டைக்குள் நெருப்பு கனன்றுகொண்டிருக்கும். புகை மணிக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும்.

அந்தப் புகையை உள்ளிழுத்த நுரையீரல் என்ன பாடுபடுகிறது என்பதை மருத்துவ உலகம் பெருமளவு செம்மறியாடுகளிடமிருந்துதான் கற்றது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரத்து மருத்துவப் பல்கலைக்கழகத்தில், தீக்காய ஆராய்ச்சியாளர்கள் பருத்தித் துண்டுகளைப் புகையவிட்டு, அந்தப் புகையை ஆறவைத்து, மயக்கத்தில் இருந்த ஆடுகளின் மூச்சுக்குழாய்க்குள் செலுத்தினார்கள். வழக்கமான அளவு 48 மூச்சு. ஒரு நாளுக்குள் மூச்சுக்குழாயின் உட்தோல் உரிந்து, சளியும் நாரும் சேர்ந்த கட்டிகளாகத் திரண்டு, சிறு குழாய்களை அடைத்துவிடும். காற்று நுண்ணறைகளில் நீர் கோக்கும். சூடு தொடாத இடத்திலும் புகையின் வேதிப்பொருள்கள் இத்தனையும் செய்துவிடும்.

இந்த நிலையில் ஆட்டுக்கோ மனிதருக்கோ முதல் தேவை ஆக்ஸிஜன். அதைக் கொடுக்க வேண்டிய உறுப்போ பழுதாகிக் கிடக்கிறது. வெண்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளும். ஆனால் பழுதான நுரையீரலுக்குள்தான் தள்ளியாக வேண்டும். நுரையீரலைத் தொடாமல், இரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, அங்கேயே ஆக்ஸிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பினால் என்ன? அந்த வழிக்குப் பெயர் எக்மோ. தமிழ்நாட்டில் இந்தச் சொல் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது இரண்டு முறை. 2016 டிசம்பரில் முதல்வர் ஜெயலலிதாவுக்கு இதயம் நின்றபோது சென்னை அப்போலோ மருத்துவமனையில் எக்மோ பொருத்தப்பட்டது. 2020இல் கொரோனா தாக்கிய பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம் சென்னை எம்.ஜி.எம். மருத்துவமனையில் வாரக்கணக்கில் எக்மோவில் இருந்தார். செப்டம்பர் 25 அன்று காலமானார். இரண்டு முறையும் செய்தி கேட்டவர்கள் மனதில் எழுந்தது ஒரே கேள்விதான்: இந்த இயந்திரம் பழுதான உறுப்பைக் குணப்படுத்துமா?

குணப்படுத்தாது. அவகாசம் கொடுக்கும். அந்த அவகாசத்தை எப்படிச் செலவிட்டால் நுரையீரல் தேறும், எப்படிச் செலவிட்டால் மேலும் கெடும் என்பதைச் சொல்லித்தந்தவை நாய்களும் பூனைகளும் எலிகளும் ஆடுகளும் பன்றிகளும். இந்த அத்தியாயம் அவற்றைப் பற்றியது.

பின்னலாடை போன்றதொரு நுரையீரல்

எக்மோவின் உள்ளே இருப்பதைக் கண்டால் திருப்பூர்க்காரருக்கு அது அந்நியமாகத் தெரியாது. சவ்வு நுரையீரல் என்று அழைக்கப்படும் அந்தப் பெட்டிக்குள் ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள் இருக்கின்றன. ஒவ்வோர் இழையும் உள்ளீடற்ற குழாய். வெளி விட்டம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்த இழைகளைக் குறுக்கு நூலால் பின்னிப் பாய்போல ஆக்கி, அடுக்கி அல்லது சுருட்டிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், நடுவே இரத்தம் ஒரே சீராக ஓடுவதற்குச் சரியான இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியைத் தருவது பின்னல்தான். பாலிமெத்தில்பென்ட்டீன் என்ற நெகிழியால் ஆன இத்தகைய இழைகளுக்குப் பெயர்பெற்ற இடம் ஜெர்மனியின் வூப்பர்டால். அதுவும் பழைய நெசவு நகரம்தான்.

கழுத்திலோ தொடையிலோ உள்ள பெரிய சிரையிலிருந்து குழாய் வழியே இரத்தம் வெளியே வருகிறது. பம்பு அதைச் சவ்வு நுரையீரலுக்குள் தள்ளுகிறது. இழைகளின் உள்ளே ஆக்ஸிஜன் ஓடுகிறது, வெளியே இரத்தம் ஓடுகிறது. இழைச் சுவரைத் தாண்டி ஆக்ஸிஜன் இரத்தத்துக்குள் போக, கரியமில வாயு வெளியே வருகிறது. செம்மை பெற்ற இரத்தம் மீண்டும் சிரைக்கே போனால் நுரையீரலுக்கு மட்டும் துணை. தமனிக்குப் போனால் இதயத்துக்கும் சேர்த்துத் துணை.

இயற்கையான நுரையீரலின் பரப்பு 70 சதுர மீட்டருக்கும் மேல். பெரியவர்களுக்கான சவ்வு நுரையீரலின் பரப்பு ஏறத்தாழ 2 சதுர மீட்டர்தான். இவ்வளவு சிறிய பரப்பை வைத்துக்கொண்டு ஓர் உயிரைத் தாங்க முடியும் என்று தெரிந்துகொள்ள மூன்று நூற்றாண்டு ஆனது.

அசையாத நுரையீரல்

1667 அக்டோபரில் லண்டன் ராயல் சொசைட்டியில் ராபர்ட் ஹூக் ஒரு சோதனையைச் செய்து காட்டினார். ஒரு நாயின் மார்பைத் திறந்து, நுரையீரலின் மேற்பரப்பில் சிறு துளைகள் இட்டு, துருத்திகளால் இடைவிடாமல் காற்றைச் செலுத்தினார். காற்று ஒரு பக்கம் நுழைந்து துளைகள் வழியே வெளியேறிக்கொண்டே இருந்தது. நுரையீரல் விரிந்தபடியே அசையாமல் நின்றது. நாய் உயிரோடு இருந்தது. காற்றை நிறுத்தியதும் துடித்தது. மூச்சின் பயன் அசைவில் இல்லை, இரத்தத்துக்குப் புதுக்காற்று கிடைப்பதில் இருக்கிறது என்று இதனால் தெளிந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே போன்றதொரு சோதனையைச் செய்த ஹூக், அந்த விலங்கு பட்ட வேதனையைப் பார்த்து, இனி இதைச் செய்ய மனம் வராது என்று விஞ்ஞானி ராபர்ட் பாயிலுக்குக் கடிதம் எழுதியிருந்தார். நவீன விலங்குச் சோதனையின் தொடக்க நாள்களிலேயே அதைப் பற்றிய மன உறுத்தலும் தோன்றிவிட்டது.

நுரையீரல் அசையத் தேவையில்லை என்றால், அது இல்லாமலேயே இரத்தத்துக்கு ஆக்ஸிஜன் கொடுக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு வாழ்நாளைக் கொடுத்தவர் ஜான் கிப்பன். 1931இல் பாஸ்டன் மருத்துவமனையில், நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி அடைத்து ஒரு பெண் மெல்ல மெல்லச் சாவதை இரவு முழுக்க அருகிலிருந்து பார்த்த இளம் மருத்துவர் அவர். மனைவி மேரியோடு சேர்ந்து பூனைகளை வைத்துச் சோதனையில் இறங்கினார். ஆய்வுக்குப் பூனை கிடைக்காத நாள்களில், மீனைக் காட்டித் தெருப்பூனைகளைச் சாக்குப்பையில் பிடித்துவந்திருக்கிறார். 1935இல் பூனையின் இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் இயந்திரம் சிறிது நேரம் தாங்கியது. 1953 மே 6 அன்று ஃபிலடெல்ஃபியாவில் 18 வயதுப் பெண்ணின் இதயத்தில் இருந்த ஓட்டையை, இரத்த ஓட்டத்தை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, அவர் தைத்து மூடினார்.

ஆனால் அந்த இயந்திரங்களில் இரத்தமும் ஆக்ஸிஜனும் நேருக்கு நேர் தொட்டுக்கொண்டன. அந்தத் தொடுகையில் இரத்த அணுக்கள் உடைந்தன, புரதங்கள் சிதைந்தன. ஓர் அறுவை சிகிச்சையின் சில மணி நேரத்துக்கு அது போதும். நுரையீரல் தேறுவதற்கோ நாள்கணக்கில் வேண்டும். இரத்தத்துக்கும் வாயுவுக்கும் நடுவே ஒரு சவ்வு தேவைப்பட்டது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேலை பார்த்த, எஸ்டோனியாவில் பிறந்த தியோடர் கோலோபோவ் 1960களில் சிலிக்கோன் சவ்வைச் சுருளாகச் சுற்றி ஒரு நுரையீரலைச் செய்தார். புதிதாகப் பிறந்த ஆட்டுக்குட்டிகளில் அதைப் பொருத்தினார். குட்டிகள் மயக்கத்தில் இல்லாமல், விழிப்போடு, 96 மணி நேரம் வரை அந்தத் துணையோடு இருந்தன.

ஏன் ஆடு? வளர்ந்த செம்மறியின் எடை மனிதரின் எடையை ஒட்டியது. கழுத்துச் சிரை பெரியது, குழாய் செருக எளிது. முரண்டு பிடிக்காமல் விழிப்போடு நிற்கும். காங்கேயம் பக்கத்துக் கொரங்காட்டு மேய்ச்சல் நிலங்களில் செம்மறி மேய்ப்பவர்களுக்கு இந்தச் சாந்தம் நன்றாகத் தெரியும். அந்தச் சாந்தத்தால்தான் மனித நுரையீரலைப் பற்றிய அறிவுக்கு அது இவ்வளவு பெரிய விலை கொடுத்தது.

மூச்சு விட மறந்த ஆட்டுக்குட்டிகள்

1977இல் கோலோபோவும், இத்தாலியிலிருந்து வந்து அவரோடு சேர்ந்த லூசியானோ கட்டினோனியும், மற்ற சகாக்களும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தானாக மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஆட்டுக்குட்டிகளின் இரத்தத்திலிருந்து, சவ்வு நுரையீரல் மூலம் கரியமில வாயுவை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அதிக அளவில் நீக்கினார்கள். பாதி வாயுவை இயந்திரம் எடுத்துக்கொண்டபோது குட்டியின் மூச்சு அதற்கேற்பக் குறைந்தது. உடல் உண்டாக்கும் கரியமில வாயு முழுவதையும் இயந்திரமே எடுத்தபோது குட்டி மூச்சு விடுவதை நிறுத்திவிட்டது. திணறவில்லை. ஆக்ஸிஜன் போதுமான அளவு இருந்தவரை அமைதியாக இருந்தது.

இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஓய்வாக இருக்கும் ஒரு மனிதருக்கு நிமிடத்துக்குச் சுமார் 250 மி.லி. ஆக்ஸிஜன் தேவை, சுமார் 200 மி.லி. கரியமில வாயு வெளியேற வேண்டும். ஒரு லிட்டர் சிரை இரத்தத்தில் ஏறக்குறைய 500 மி.லி. கரியமில வாயு பலவகை வடிவங்களில் கரைந்து கிடக்கிறது. ஆகவே நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் குறைவான இரத்தத்தை வெளியே எடுத்தாலே கழிவு முழுவதையும் நீக்கிவிடலாம். ஆக்ஸிஜன் கதை வேறு. அது ஹீமோகுளோபினில் ஏறித்தான் பயணம் செய்யும். சோமனூர் பஸ்ஸில் இருக்கை நிரம்பிய பிறகு, நிறுத்தத்தில் எத்தனை பேர் காத்திருந்தாலும் உட்கார இடம் இல்லாதது போல, நிறைந்த ஹீமோகுளோபினில் மேற்கொண்டு ஏற்ற முடியாது. சிரை இரத்தத்திலும் பெரும்பாலான இடங்கள் நிரம்பியே வருவதால், ஒரு லிட்டர் இரத்தம் புதிதாக ஏற்றிக்கொள்வது ஏறத்தாழ 50 மி.லி. ஆக்ஸிஜன்தான். முழுத் தேவையையும் இயந்திரமே தர வேண்டுமென்றால் நிமிடத்துக்கு நான்கைந்து லிட்டர் இரத்தம் வெளியே ஓட வேண்டும்.

கோலோபோவும் கட்டினோனியும் இந்த ஏற்றத்தாழ்வைப் பயன்படுத்தினார்கள். கரியமில வாயுவைச் சிறிய ஓட்டத்தில் இயந்திரம் நீக்கட்டும். ஆக்ஸிஜனை அசையாத நுரையீரலின் வழியே மெல்லக் கசிய விடலாம். அப்படியானால் நுரையீரல் விரிந்து சுருங்க வேண்டிய தேவையே பெருமளவு போய்விடும். முழுக்க நிறுத்திவிட்டால் நுண்ணறைகள் மெல்ல மூடிக்கொள்ளும் என்பதால், காற்றழுத்தத்தால் நுரையீரலை விரித்து வைத்து, நிமிடத்துக்கு ஒன்றிரண்டு மூச்சு மட்டும் கொடுத்தார்கள். 1978இல் வெளியான ஆட்டுக்குட்டி ஆய்வில், இந்த மிக மெதுவான மூச்சோடு நுரையீரலின் கொள்ளளவும் நெகிழ்வும் காக்கப்பட்டன. ஹூக்கின் நாய் காட்டிய உண்மை சிகிச்சையாக மாறத் தொடங்கியது இங்கேதான்.

காற்றே காயமாகும்போது

ஓய்வு ஏன் இத்தனை முக்கியம்? ஓய்வில்லாத நுரையீரலுக்கு என்ன ஆகிறது என்பதை வேறு விலங்குகள் காட்டின. 1974இல் வெப், டியர்னி என்ற இருவர், நல்ல நுரையீரல் கொண்ட எலிகளுக்கு 45 சென்டிமீட்டர் நீர் உயரத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் நுரையீரல் நீர் கோத்து வீங்கியது. மூச்சின் முடிவில் நுரையீரல் முழுவதும் சுருங்கிவிடாமல் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்திவைத்தபோது, அதே 45 சென்டிமீட்டர் அழுத்தம் அவ்வளவு கெடுதல் செய்யவில்லை. விரிவு மட்டுமல்ல, ஒவ்வொரு மூச்சிலும் நுண்ணறைகள் மூடித் திறப்பதும் காயத்தை உண்டாக்குகிறது என்று தெரிந்தது.

1987இல் கோலோபோவ் குழு ஆடுகளில் இதை நீட்டித்துப் பார்த்தது. ஆரோக்கியமான செம்மறிகளுக்கு 50 சென்டிமீட்டர் உச்ச அழுத்தத்தில் வெண்டிலேட்டர் ஓடியபோது இரண்டு நாளுக்குள் நுரையீரல் கடுமையாகக் கெட்டது. மென்மையான அழுத்தத்தில் இருந்த ஆடுகளின் நுரையீரல் நன்றாகவே இருந்தது. அடுத்த ஆண்டு வந்த ஆய்வு இன்னும் ஆழமானது. மூளையைச் சுற்றியுள்ள திரவத்தில் சாலிசிலேட் செலுத்தி, ஆடுகளை வேகவேகமாக ஆழமாக மூச்சு வாங்க வைத்தார்கள். இயந்திரம் எதுவும் காற்றைத் தள்ளவில்லை. ஆடுகளின் சொந்த மூச்சுதான். அந்த ஆடுகளின் நுரையீரலும் பழுதானது. அதே மருந்து கொடுத்து, மூச்சை வெண்டிலேட்டர் கட்டுப்பாட்டில் வைத்த ஆடுகளுக்குப் பாதிப்பு வரவில்லை. மூச்சுத் திணறலில் தவிக்கும் நோயாளி, தன் தவிப்பாலேயே தன் நுரையீரலைக் கிழித்துக்கொள்ளலாம். கொரோனா காலத்தில் உலகெங்கும் ஐ.சி.யு. மருத்துவர்கள் மிகவும் கவலையோடு விவாதித்தது இதைத்தான்.

இந்த ஆய்வுகளைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் எக்மோவின் முதல் பெரிய தோல்விக்குக் காரணம் புரிகிறது. 1971இல் அமெரிக்காவில் டொனால்ட் ஹில், விபத்தில் சிக்கிய 24 வயது இளைஞரை 75 மணி நேர எக்மோவால் காப்பாற்றினார். 1975இல் ராபர்ட் பார்ட்லெட் ஒரு பச்சிளங்குழந்தையைக் காப்பாற்றினார். நம்பிக்கை பெருகியது. ஆனால் 90 நோயாளிகளைக் கொண்டு நடந்து, 1979இல் வெளியான அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன ஆய்வில், எக்மோ பெற்றவர்களில் 4 பேர், பெறாதவர்களில் 4 பேர் மட்டுமே பிழைத்தார்கள். இயந்திரத்தால் பயனில்லை என்று பலர் முடிவு கட்டினார்கள். இரத்தத்துக்கு ஆக்ஸிஜன் கிடைத்ததே தவிர, நுரையீரலுக்குள் வெண்டிலேட்டர் முன்போலவே உயர் அழுத்தத்தில் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. கிடைத்த அவகாசத்தில் நுரையீரலுக்கு ஓய்வு தரப்படவில்லை.

கட்டினோனி மிலானுக்குத் திரும்பி, ஆட்டுக்குட்டிகளிடம் கற்ற மெதுமூச்சு முறையை மனிதரிடம் கையாண்டார். 1986இல் அவர் வெளியிட்ட 43 நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேர் பிழைத்திருந்தார்கள். 2000ஆம் ஆண்டில் 861 நோயாளிகளைக் கொண்ட அமெரிக்க ஆய்வு ஒன்று, எக்மோ இல்லாமலேயே, வெண்டிலேட்டர் தரும் மூச்சின் அளவைப் பாதியாகக் குறைத்தால் இறப்பு 40 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைகிறது என்று நிறுவியது. இன்று திருப்பூரிலோ கோவையிலோ ஐ.சி.யு.வில் வெண்டிலேட்டரைத் திருகும் ஒவ்வொரு கையும், எலியும் ஆடும் கற்பித்த இந்தப் பாடத்தைத்தான் பின்பற்றுகிறது.

எவ்வளவு ஓய்வு?

ஓய்வு நல்லது என்றால் எந்த அளவு? சிலி நாட்டு ஆய்வாளர்கள் 2019இல் பன்றிகளில் இதைச் சோதித்தார்கள். நுரையீரலைக் கழுவி, காயப்படுத்தும் மூச்சும் கொடுத்து, கடுமையான நோய்நிலையை உண்டாக்கி, எக்மோவில் ஒரு நாள் வைத்தார்கள். ஒரு குழுவுக்கு முரட்டு மூச்சு, ஒரு குழுவுக்கு வழக்கமான மென்மூச்சு, இன்னொன்றுக்கு நிமிடத்துக்கு 5 சிறு மூச்சு மட்டும். கடைசிக் குழுவில் நுரையீரல் காயம் குறைந்தது. நுரையீரல் நாராகித் தழும்பேறும் போக்கும் அதில்தான் குறைவாக இருந்தது. உயிர் பிழைத்தவர் பிறகு மாடிப்படி ஏற முடியுமா, தறிமுன் நின்று வேலை செய்ய முடியுமா என்பதைத் தீர்மானிப்பதில் அந்தத் தழும்புக்கும் பங்கு உண்டு.

பருத்திப் புகை பட்ட கால்வெஸ்டன் ஆடுகளிடம் ஜோசப் ஸ்விஷன்பெர்கர் குழு வேறொரு வழியைப் பார்த்தது. பம்பு கிடையாது. ஆட்டின் இதயமே தமனியிலிருந்து சவ்வு நுரையீரல் வழியே சிரைக்கு இரத்தத்தைத் தள்ளும். இப்படிக் கிடைக்கும் சிறிய ஓட்டத்திலேயே கரியமில வாயு பெரும்பாலும் நீங்கியது. வெண்டிலேட்டரின் வேலை வெகுவாகக் குறைந்தது. 2001இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், இந்தத் துணை பெற்ற ஆடுகள் அதிகம் பிழைத்தன.

இயந்திரம் செய்யும் கெடுதல்

எக்மோவை வாழ்த்தி மட்டும் எழுதினால் அது பாதி உண்மை. மனித உடலுக்குள் இரத்தம் ஓடும் குழாய்களின் உட்தோல் உயிருள்ளது. இரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிறது. நெகிழிக் குழாய்க்கு அந்தத் திறன் இல்லை. அதைத் தொட்டவுடன் இரத்தம் அந்நியப் பொருளைக் கண்டதாக எச்சரிக்கை அடைகிறது. உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுக்க வேண்டும். கொடுத்தால் இரத்தக் கசிவு அபாயம்.

ஆரோக்கியமான பன்றிக்குட்டிகளை எக்மோவில் வைத்தபோது ஓரிரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் அழற்சிப் புரதங்கள் ஏறின. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்த செம்மறி ஆய்வுகளில், புகை பட்ட ஆடுகளில் மட்டுமின்றி, நல்ல நுரையீரல் கொண்ட ஆடுகளிலும் 24 மணி நேர எக்மோவுக்குப் பின் நுரையீரலில் அழற்சியின் தடயங்கள் காணப்பட்டன. இரத்தத்தைத் தமனிக்கு அனுப்பும் முறையில் இன்னொரு சிக்கலும் உண்டு: நுரையீரல் வழியே போகும் இரத்தம் குறைந்துவிடுகிறது. ஓய்வு கொடுக்கப்போய் அந்த உறுப்பை இரத்தமின்றி வாட விடக்கூடாது.

இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். செம்மறி, பன்றி இரண்டின் நுரையீரல் நுண்குழாய்களிலும் அந்நியப் பொருளை விழுங்கும் காவல் அணுக்கள் நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. மனிதரில் சாதாரணமாக அப்படி இல்லை. அதனால் அவற்றின் நுரையீரல் நம்முடையதைவிடக் கூடுதலாகக் கொதித்தெழலாம். சோதனை விலங்குகள் இளமையானவை, சோதனை ஓரிரு நாளில் முடிந்துவிடும். நோயாளியோ ஐம்பது வயதில், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவராக, வாரக்கணக்கில் எக்மோவில் இருக்கலாம். விலங்கு வழியைக் காட்டும். முடிவை மனித ஆய்வுதான் சொல்ல வேண்டும். அந்த ஆய்வுகளும் வந்தன. 2009இல் பிரிட்டனில் 180 பேரைக் கொண்ட ஆய்வில், எக்மோ மையத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதத்தினர் ஆறு மாதத்துக்குப் பின் கடும் ஊனமின்றி உயிரோடு இருந்தார்கள். மற்றவர்களில் 47 சதவீதத்தினர். 2018இல் 249 பேரைக் கொண்டு வெளியான இயோலியா ஆய்வில் இறப்பு எக்மோ குழுவில் 35 சதவீதமாகவும் மற்றக் குழுவில் 46 சதவீதமாகவும் இருந்தது. இந்த வேறுபாடு புள்ளியியல் வரம்பைச் சற்றே தவறவிட்டது. கடும் நோயாளிகளில் தக்கவரைத் தேர்ந்தெடுத்தால் எக்மோ உதவும் என்பதே இன்றைய மதிப்பீடு.

பிறக்காத நுரையீரல்

ஓய்வின் எல்லையை எட்டிய ஆய்வு 2017இல் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து வந்தது. மனிதக் கருவின் 23, 24 வாரத்துக்கு ஒப்பான வளர்ச்சியில் இருந்த ஆட்டுக் கருக்களைத் தாயிடமிருந்து எடுத்து, பனிக்குட நீரைப் போன்ற திரவம் நிறைந்த பைக்குள் வைத்தார்கள். தொப்புள்கொடியில் சவ்வு நுரையீரலை இணைத்தார்கள். குட்டியின் இதயமே இரத்தத்தைத் தள்ளியது. நான்கு வாரம் வரை அவை அதில் வளர்ந்தன. கண் திறந்தன, ரோமம் முளைத்தது. காற்றே படாமல், திரவம் நிறைந்திருந்த நுரையீரல், தாயின் வயிற்றில் இருந்ததைப் போலவே முதிர்ந்தது. குறைமாதக் குழந்தைகளின் முதிராத நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளுவதால் வரும் நாள்பட்ட நோய்க்கு இது என்றாவது மாற்றாகலாம்.

கடன்

இந்த அறிவுக்காக உயிர்விட்ட விலங்குகளைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதையை முடிப்பது நியாயமில்லை. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், சோதனைகளைக் கண்காணிக்க ஒரு குழுவை அமைக்க வழிசெய்கிறது. அதற்கு முந்தைய ஆண்டில் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேயர்கள் மூன்று நெறிகளை வகுத்தார்கள்: விலங்குக்கு மாற்று இருந்தால் அதைப் பயன்படுத்து, எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவான செயற்கை இதய வால்வு, 1990இல் மனிதருக்குப் பொருத்தப்படும் முன் செம்மறிகளில்தான் சோதிக்கப்பட்டது. குறைந்த விலையில் அந்த வால்வைப் பெற்றவர்கள் பல்லாயிரம் பேர். விலங்கின் உயிர் வீணாகாமல் இருக்க ஒரே வழி, அது கற்றுத்தந்ததை நாம் கடைப்பிடிப்பதுதான்.

அது கற்றுத்தந்தது இது: நுரையீரல் தானாகத் தேறும் ஆற்றல் கொண்டது, அந்த ஆற்றல் எஞ்சியிருக்கும்வரைதான் இயந்திரம் உதவும். நிமோனியா, புகை, விபத்து, கொரோனா போன்ற திடீர்த் தாக்குதலுக்கு எக்மோ அவகாசம் வாங்கித்தரும். பல ஆண்டுகளாக மெல்ல அழிந்த நுரையீரலுக்கு, மாற்று உறுப்பு கிடைக்கும்வரை தாங்கிப்பிடிப்பதைத் தவிர அதனால் ஏதும் செய்ய இயலாது.

பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் அப்படிப்பட்ட மெதுவான நோய். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கமாக இருப்பதுதான் அதன் தொடக்கக் குறி. அந்தக் கட்டத்தில் தூசியிலிருந்து விலகினால் நுரையீரல் பெரும்பாலும் மீளும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் மீளாது. புகைபிடிப்பவருக்கு இன்னும் வேகமாகக் கெடும். இந்தியச் சட்டத்தில் இது தொழில்நோயாகப் பட்டியலிடப்பட்டுள்ளது.

ஆகவே நூற்பாலையிலோ தறிக்கூடத்திலோ வேலை செய்யும் வாசகரிடம் ஒரு வேண்டுகோள். திங்கட்கிழமைகளில் நெஞ்சு இறுகினால் அதைச் சளி என்று தள்ளிவிடாதீர்கள். இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய், மூச்சின் அளவைக் கணக்கிடும் ஸ்பைரோமெட்ரி சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். பஞ்சில் வேலை செய்கிறேன் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆலை நடத்துபவர்கள் தூசியை இயந்திரத்தின் வாயிலேயே உறிஞ்சியெடுக்கும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். எக்மோ தரும் அவகாசம் விலை மிகுந்தது, எல்லோருக்கும் கிடைக்காது. தூசியைக் குறைத்து நுரையீரலுக்குத் தினமும் ஓய்வு தருவது இன்றே, எல்லா ஊரிலும் செய்யக்கூடியது.